எதிர் வீட்டுக் கதவு திறந்தால்

சி-4 வீட்டு மனோகரனை எங்கள் குடியிருப்பில் பார்க்காதவர்களே கிடையாது. செயலாளர் நாச்சிமுத்து அவரோடு லிஃப்டில் அரசியல் பேசியிருக்கிறார். பி-2 தங்கமுத்து அவருக்கு வண்டி நிறுத்த இடம் காட்டிக் கொடுத்திருக்கிறார். இஸ்திரி போடுகிறவர் அவருடைய சட்டை அளவையே சொல்லுவார். நேர் எதிரே சி-3இல் குடியிருக்கும் நான் ஒருத்திதான் அந்த மனிதரைக் கண்ணால் கண்டதில்லை. எனக்குக் கிடைத்ததெல்லாம் அவருடைய இருமல்தான்.

ஒரு மாதிரி வறட்டு இருமல். நான் கதவைத் திறந்தால் போதும், உள்ளேயிருந்து இரண்டு இருமல், அப்புறம் தொண்டையைச் செருமும் சத்தம். ராத்திரி வேலைக்குப் போய்விட்டுப் பகலில் படுக்கிற மனுசன், தூங்கவிடாமல் இப்படிப் படுத்துகிறதே என்று பாவப்பட்டு, தூதுவளை ரசம், சித்தரத்தைக் கஷாயம், ஆடாதோடை என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். அவர் மனைவி ரேணுகா கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுப்பாள். பம்பு கம்பெனியில் மோட்டாரைச் சோதித்துப் பார்க்கும் வேலை அவளுக்கு, அதிகம் பேசமாட்டாள். "இப்ப தேவலைக்கா" என்பாள். மறுநாள் கதவைத் திறந்தால் மறுபடியும் இருமல். என் கைவைத்தியத்துக்கு அடங்காத ஒரே உடம்பு அதுதான்.

இதெல்லாம் திரை மாறுவதற்கு முந்தைய கதை. திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இப்போது பொழுது சாய்ந்தால் ஊருக்கு வருகிற மின்சாரம் பாதிதான். மீதியை ஒவ்வொரு குடியிருப்பும் பகல் வெயிலில் பிடித்துத் தன் பேட்டரி அறையில் சேர்த்து, ராத்திரி எல்லா வீட்டுக்கும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். விளக்கு, மின்விசிறி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் அந்தந்த வீட்டிலிருக்கும் ஒரு பெட்டி ஏற்றி இறக்குகிறது. பெட்டி எப்போது என்ன செய்யவேண்டும் என்று எழுதிக் கொடுப்பதற்குப் பெயர் நிரல். எடுப்பது பொதுப் பேட்டரியிலிருந்து என்பதால் யார் வீட்டு நிரலும் ரகசியமில்லை என்று சட்டம். லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய திரை ஒன்று உண்டு. வீட்டு எண்ணைத் தொட்டால் அந்த வீட்டு நிரல் முழுதும் வந்து நிற்கும்.

வந்து நின்று என்ன பிரயோசனம்? ஒரே நெளிநெளியான அடைப்புக்குறிகள், அரைப்புள்ளிகள், நட்சத்திரங்கள். நடுநடுவே டி4, எஸ்2 என்று லாரி நம்பர் மாதிரிப் பெயர்கள். அத்தனை வீட்டு விவகாரமும் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது, எனக்கு ஓர் எழுத்துப் புரியவில்லை. என்னைப் போன்ற ஒருத்திக்கு இதைவிடப் பெரிய தண்டனை கொடுக்க முடியாது.

அந்தத் தண்டனையிலிருந்து என்னை விடுவிக்க வந்தவள் மிருதுளா. நிரல் எழுதும் முறையைத் திருத்தி அமைத்த குழுவில் ஒருத்தி. இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. குடியிருப்பு குடியிருப்பாகப் போய் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் மொட்டை மாடியில் ஷாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி வரிசையாக வைத்து, ஒரு கல்யாணத்துக்குக் குறைவில்லாத கூட்டம்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தாள். "பெட்டிக்குள்ள ஓடறது பழைய சமாச்சாரமேதாங்க. அதை எழுதற விதத்தை மட்டும் மாத்தியிருக்கோம்."

"எழுதற விதத்த மாத்துனா பேட்டரி ரொம்பிருமாக்கும்?" என்றார் தங்கமுத்து. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கூட்டத்திலும் முதல் கேள்வி அவருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

"ரொம்பாதுங்க சார். ஆனா யாரு காலி பண்றாங்கன்னு நீங்களே படிச்சுக்கலாம்."

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. நானும்தான்.

"புதுசாக் கத்துக்கறவங்க எங்க தடுக்கி விழறாங்கன்னு நாங்க ரொம்ப நாள் பக்கத்துல உக்காந்து பார்த்தோம். யோசனையில ஒரு குறையும் இல்லைங்க. அடைப்புக்குறியிலதான் விழறாங்க. எது எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு தேடறதுலயே பாதி மூளை போயிடுது. அதனால அடைப்பையே எடுத்துட்டோம். மழை வந்தா துணியை எடுன்னுதானே வீட்டுல சொல்றோம்? அதே வரிசை. எப்பங்கறது முன்னால, என்னங்கறது பின்னால. அப்புறம் இந்தப் பேரு. டி4னா யாருக்கு என்ன தெரியும்? அதனால எல்லாத்துக்கும் முழுப்பேரு. பின்பக்கக் கதவு, மாமியார் ரூம் விளக்கு, இப்படி."

மாமியார்கள் சிரிக்கவில்லை, மருமகள்கள் சிரித்தார்கள்.

கடைசி வரிசையிலிருந்து ரேணுகா எழுந்தாள். அவள் கூட்டத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. "பழைய மாதிரியே இருக்கட்டும்னு சொன்னா விட்ருவீங்களா?" என்று கேட்டாள்.

"எதுக்குங்க? அது கஷ்டமாச்சே."

"எனக்குக் கஷ்டமில்ல. அதுலதான் எழுதிப் பழகினேன்."

"நீங்க எதுல வேணா எழுதலாங்க. ஆனா திரையில, வர்ற ஒண்ணாந்தேதியில இருந்து, எல்லார் வீடும் புது முறையிலதான் தெரியும். தானா மாறிடும். படிக்கறவங்க புதுசாச்சே, அவங்களுக்காகத்தானே இவ்வளவும்."

ரேணுகா உட்கார்ந்தாள். எனக்கு ஏதோ வாடை அடித்தது. அடைப்புக்குறி மேல் ஒருத்திக்கு இத்தனை பாசமா?

ஒன்றாந்தேதி காலையில் நான் பால் வாங்கப் போகிற சாக்கில் கீழே இறங்கி, முதலில் என் வீட்டைத்தான் தொட்டேன். அடுத்த வீட்டைப் படிப்பதற்கு முன் ஒரு பயிற்சி வேண்டுமல்லவா? விளக்கு, மோட்டார், வெந்நீர் என்று போய்க்கொண்டிருந்த வரிசையில் ஒரு வரி வந்தது.

கனகா பேச ஆரம்பித்தால், காதுக்கருவியின் சத்தத்தைக் குறை.

கனகா நான்தான். காதுக்கருவி என் வீட்டுக்காரருடையது. மேலே போய்க் கேட்டேன். "கரண்டு மிச்சம் பண்ணலாம்னுதான்" என்றார் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சரி, நான் மட்டுமா? அன்றைக்குக் காலையிலேயே தங்கமுத்துவின் மனைவி திரைக்கு முன்னால் நின்று சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். ராத்திரி ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்விளக்கைப் போடாதே, மணி அடிக்காதே. சர்க்கரை வியாதிக்காரர் வீட்டு ஃபிரிட்ஜ் அது. மைசூர்பாகு எப்படிக் குறைகிறது என்று மருமகளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த மாமியார், அந்த மருமகளிடம் எல்லார் எதிரிலும் மன்னிப்புக் கேட்டார். அந்த வாரம் எங்கள் குடியிருப்பில் ஒருவரும் டிவி போடவில்லை. தேவைப்படவில்லை.

எல்லாரும் பி-2 சண்டையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது நான் நைசாக சி-4ஐத் தொட்டேன்.

ரேணுகா வேலைக்குப் போனால், உள்ளறை மின்விசிறியை ஓடவிடு.

பொழுது சாய்ந்தால், உள்ளறை விளக்கைப் போட்டு, டிவியில் செய்தி வை.

வாசல் கேமராவில் எதிர் வீட்டுக் கதவு திறந்தால், ஆண் குரலில் இருமு. நேற்று இருமிய இருமலை இன்று இருமாதே.

எதிர் வீட்டுக் கதவு மூடாமலே இருந்தால், "ரேணு, தண்ணி கொண்டா" என்று ஆண் குரலில் சொல்.

திரும்பப் படித்தேன். பச்சைத் தமிழ். அடைப்பு இல்லை, நட்சத்திரம் இல்லை, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களுக்கும் புரிகிற மாதிரி இருந்தது. என் தூதுவளை ரசத்தை இத்தனை நாளும் யார் குடித்தது? லிஃப்டில் அரசியல் பேசினேன், வண்டிக்கு இடம் காட்டினேன் என்றதெல்லாம் வெறும் அளப்புதானா?

உண்மையைச் சொன்னால் முதலில் வந்தது கோபம்தான். இந்தக் குடியிருப்பையே நான் கவனித்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். பார்த்தால், நான் ஒரு சுவிட்ச். நான் கதவைத் திறந்தால் அங்கே இருமுகிறது.

திரையை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டு நேரே மேலே போய் அவள் கதவைத் தட்டினேன்.

"தம்பி எங்க கண்ணு?"

"தூங்குறாருக்கா."

"எழுப்பு. ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடறேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் கதவை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். உள்ளே ஆண் செருப்பு ஒரு ஜோடி, கொக்கியில் இஸ்திரி போட்ட சட்டை, முகச்சவரப் பெட்டி. உள்ளறையில் ஆளில்லாத கட்டிலுக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"படிச்சுட்டீங்களா?"

"அதுக்குத்தானே கிளாஸ் எடுத்தாங்க. செத்துட்டாரா, விட்டுட்டுப் போயிட்டாரா?"

"எனக்குக் கல்யாணமே ஆகலக்கா" என்றாள். "தேனியில இருந்து வந்து வீடு தேடுனப்ப எல்லா வீட்டுலயும் முதல் கேள்வி, வீட்டுக்காரரு என்ன பண்றாருன்னுதான். இல்லைன்னு சொன்னா வீடும் இல்லைன்னாங்க. நாப்பது வயசுக்காரி, தனியா எதுக்கு இருக்கா, யாரு வருவா, யாரு போவா. இங்க வந்தப்ப நாச்சிமுத்து சாரு போர்டைக் காட்டுனாரு. குடும்பங்களுக்கு மட்டும். கால் வலி வேற. நைட் ஷிஃப்டு போயிருக்காருன்னு வாயில வந்துருச்சு."

"சொன்னே, சரி. இருமலு எதுக்கு?"

"நீங்கதான் ரெண்டாம் நாளு கேட்டீங்க. ஏன் கண்ணு, உள்ள ஆம்பளை இருக்கற சத்தமே காணமேன்னு."

கேட்டிருப்பேன். கேட்காமல் இருந்தால்தான் அதிசயம்.

"எனக்கு நிரலெல்லாம் எழுதத் தெரியாதுக்கா. அவரை எழுதறதுக்காகவே உக்காந்து கத்துக்கிட்டேன். ஒவ்வொரு அடைப்புக்குறியா, ஒவ்வொரு சத்தமா. அந்த அடைப்புக்குறி இருந்த வரைக்கும் எனக்கு ஒரு வீடு இருந்துச்சு."

"அழிச்சுடு. இப்பவே."

"அழிச்சா எதை அழிச்சேன்னு திரையில செவப்பு எழுத்துல வரும். ஞாயித்துக்கிழமை கூட்டம் வேற இருக்குல்ல."

இருந்தது. விடிவதற்குள் பேட்டரி காலியாகிவிடுகிறது என்று புகார். அதிகமாக மின்சாரம் இழுக்கிற வீடுகளின் நிரலைக் கூட்டத்தில் எல்லாருக்கும் படித்துக்காட்டப் போவதாக நாச்சிமுத்து அறிவித்திருந்தார். இரண்டே பேர் இருக்கிற வீட்டுக்கு இவ்வளவா என்று சி-4ஐப் பற்றி ஏற்கெனவே பேச்சு. அந்த இரண்டில் ஒருவர் காற்று என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அடுத்த மாதம் அவள் சாமான்கள் கீழே வண்டியில் இருக்கும்.

என் வாழ்நாளிலேயே பெரிய செய்தி இது. என் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. விழுங்கினேன். எனக்குப் பெரிய மனசு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பெட்டிக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தவள் என்று பெயரெடுக்க எனக்கு ஆசையில்லை. தவிர, அவள் சொல்லி முடித்துவிட்டு, பழக்கதோஷத்தில், எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

மிருதுளா அந்த வாரம் முழுக்கக் கீழே உட்கார்ந்து ஆட்களின் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டிருந்தாள். காபிக்கு என்று சொல்லி அவளை என் வீட்டுக்கு இழுத்து வந்தேன். ரேணுகாவையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். என் வீட்டுக்காரரின் காதுக்கருவி சத்தத்தைக் குறைத்துக்கொண்டது. அன்றைக்கு மட்டும் அது சௌகரியமாக இருந்தது.

மிருதுளா முழுதும் கேட்டாள். காபியில் ஆடை கட்டிவிட்டது.

"படிக்கத் தெரியாதவங்க படிக்கணும்னுதான் ஆன்ட்டி யோசிச்சோம்" என்றாள் கடைசியில். "படிக்கப்படறவங்களைப் பத்தி ஒரு நாள்கூடப் பேசலை."

"பேசாம விட்டது போகட்டும். மறைக்க வழியிருக்கா?"

"மறைக்க விடாது." கொஞ்ச நேரம் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள். "மூட்டைன்னு ஒண்ணு இருக்கு. பல வரியைச் சேர்த்துக் கட்டி அதுக்கு ஒரு பேரு வெக்கலாம். அப்புறம் திரையில அந்தப் பேரு மட்டும்தான் வரும். எதையும் அழிக்கலைங்கறதால செவப்பும் காட்டாது."

"அப்புறமென்ன!"

"ஆனா பேரைத் தொட்டா மூட்டை அவுந்துரும், ஆன்ட்டி. உள்ள இருக்கறது அப்படியே தெரியும்."

"நாசமாப் போச்சு. அதுக்கு எதுக்குக் கட்டறது?"

"தொட மாட்டாங்க." அவள் சிரித்த சிரிப்பில் சந்தோஷம் இல்லை. "எங்க சோதனையில கண்டுபிடிச்ச பெரிய குறையே அதுதான். டி4ன்னு போட்டிருந்தா என்னமோ ஏதோன்னு சந்தேகப்பட்டுத் தொட்டுப் பாக்கறாங்க. நல்ல தமிழ்ல, புரியற மாதிரி பேரு இருந்தா, உள்ள அதுதான் இருக்கும்னு நம்பிட்டு அடுத்த வரிக்குப் போயிடறாங்க. புதுசாப் படிக்கறவங்க எல்லாருமே. அதைச் சரி பண்ணணும்னு அறிக்கையில நான்தான் எழுதினேன். இப்ப நானே அதைச் சொல்லித் தர்றேன்."

"பாதுகாப்புன்னு பேரு வைக்கட்டுமா?" என்றாள் ரேணுகா.

"பாதுகாப்புன்னு வெச்சா தங்கமுத்து உள்ள தலையை விட்டுப் பாப்பாரு" என்றேன். "எந்தப் பேச்சு காதுல விழுந்தா நாலு பேரு நிக்காமப் போவாங்கன்னு எனக்குத் தெரியும். கொட்டாவி வர்ற மாதிரி ஒரு பேரு வேணும். மனோகரன் வழக்கம். அப்படி வெய்யி."

வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதே ஷாமியானா. திரையில் வருவதை மொட்டை மாடிச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். நாச்சிமுத்து வெள்ளை வேட்டி கசங்காமல் நின்று, ஒவ்வொரு வீடாகப் படித்துக்கொண்டே வந்தார். மனுசன் விறைப்பு, ஆனால் ஒருத்தரையும் மரியாதைக் குறைவாகப் பேசமாட்டார். அந்த 'குடும்பங்களுக்கு மட்டும்' போர்டுகூட அவர் கையெழுத்துத்தான்.

"சி-4" என்றார். "மனோகரன் வீட்டில் இருந்தால், மனோகரன் வழக்கம்."

ரேணுகா மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ராத்திரி வேலைக்காரரு. பகல்ல ஃபேன் ஓடத்தானே செய்யும்" என்றார் ஒருவர். "பாவம், இருமல் வேற" என்றது இன்னொரு குரல். தலைகள் ஆடின. மிருதுளா சொன்னது அப்படியே நடந்துகொண்டிருந்தது. நாச்சிமுத்து அடுத்த வீட்டுக்குப் போகக் கையைத் தூக்கினார்.

"இருங்க, இருங்க" என்று தங்கமுத்து எழுந்தார். ஃபிரிட்ஜ் விவகாரத்துக்குப் பிறகு அவர் வீட்டில் உப்புமாதான் என்று கேள்வி. "அதென்னங்க வழக்கம்? என் ஊட்டு ஃபிரிட்ஜை மட்டும் ஊரே கூடிப் படிக்குது. அந்த வழக்கத்தையும் கொஞ்சம் திறந்து காட்டுங்க. பாப்போம்."

நியாயமான கேள்வி. யாரும் மறுக்கவில்லை. நாச்சிமுத்து ஒரு நிமிஷம் தயங்கினார், பிறகு விரலை அந்தப் பேரை நோக்கிக் கொண்டுபோனார். ரேணுகா கண்ணை மூடிக்கொண்டாள்.

"திறக்கறதுன்னா முறையாத் திறங்க சார்!" என் குரல்தான். எழுந்து நின்றது எனக்கே பிறகுதான் தெரிந்தது. "ஒரு வீட்டத் திறந்து ஒரு வீட்ட விட்டா நாளைக்குப் பேச்சு வரும். ஏ-1ல இருந்து ஆரம்பிச்சு, ஒவ்வொரு வீடா, முழுசாப் படிங்க. எல்லாருந்தான் உக்காந்திருக்கறமே."

என் கணக்கு ரொம்பச் சின்னது. ஏ பிளாக், பி பிளாக் எல்லாம் முடித்து சி-4க்கு வருவதற்குள் இருட்டிவிடும். போண்டா தட்டு வந்துவிடும். போண்டா வந்த பிறகு எங்கள் ஆட்கள் நிரல் கேட்டுக்கொண்டு உட்காரமாட்டார்கள். அவ்வளவுதான் நினைத்தேன். ஏ-1 யார் வீடு என்றுகூட அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

நாச்சிமுத்துவின் விரல் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு கையை மெதுவாக இறக்கிக்கொண்டார்.

"வேண்டாமுங்க" என்றார். "பேரே தெளிவாத்தான இருக்குது. படிக்கறவங்களுக்கு இது போதும். ஆளுக்கு ஒரு வெளக்கக் கொறச்சுக்கலாம், அடுத்த மாசம் பாப்போம்."

தங்கமுத்து ஏதோ முணுமுணுத்தார். நான் நினைத்தது போலவே போண்டா வந்தது. ரேணுகா கண்ணைத் திறந்தாள்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று வேறொருத்தி நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். எனக்கு அது முடியாது. அந்த மனுசன் ஏன் கையை இழுத்துக்கொண்டார்? ஏ-1 அவருடைய வீடு. அதில் என்ன இருந்துவிடப் போகிறது? மனைவி வசந்தாமணி பேத்தியைப் பார்க்க மகள் வீட்டுக்கு, ஆஸ்திரேலியாவுக்குப் போனவர். ஆடி முடிந்ததும் வந்துவிடுவார் என்று நாச்சிமுத்து சொல்லுவார். எத்தனையோ ஆடி போய்விட்டது. தனியாளாக இருக்கிற செயலாளர் வீட்டு நிரலில் தொட்டித் தண்ணீர் அளவைத் தவிர என்ன இருக்கும் என்று நான்கூட அந்த வீட்டைத் தொட்டுப் பார்த்ததில்லை. யாருமே தொட்டிருக்க மாட்டார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம், லிஃப்ட் பக்கம் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தொட்டேன். மூட்டையெல்லாம் இல்லை. திறந்த வரிகள்.

நான் எழுந்து கூடத்துக்கு வந்தால், சமையலறை விளக்கைப் போடு.

பிறகு குக்கர் விசில் சத்தம் போடு.

பிறகு வசந்தாமணி குரலில், "ஏனுங்க, பல்லு வெளக்கியாச்சா?" என்று கேள்.

நான் பதில் சொல்லாவிட்டால், மறுபடியும் கேள்.

நான் பதில் சொன்னால், அதற்குமேல் ஒன்றும் கேட்காதே.

அந்த நிரலில் எதிர் வீட்டுக் கதவு எதுவும் இல்லை. வாசல் கேமரா இல்லை. இந்த வரிகளுக்கெல்லாம் மேலே, வீட்டின் சன்னல்களை மூடு என்றுகூட இருந்தது. சத்தம் வெளியே வரக் கூடாதாம். ரேணுகா எங்களுக்காக ஒரு ஆளைச் செய்து வைத்திருந்தாள். இவர் யாருக்காகவும் செய்யவில்லை. ஒரு வாரமாக இது நல்ல தமிழில், லிஃப்டுக்குப் பக்கத்தில், எல்லார் கண்ணுக்கும் எதிரே இருந்திருக்கிறது.

என் வழக்கத்துக்கு, இதைப் படித்த கையோடு நாலு வீடாவது ஏறி இறங்கியிருக்க வேண்டும். நான் ஏ-1 கதவைத் தட்டினேன்.

"வாங்க அம்மிணி" என்றார். ஒற்றை டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்த மேடை உள்ளே தெரிந்தது.

"சார், மூட்டை கட்டத் தெரியுங்களா?"

"படிச்சுட்டீங்களாட்ட இருக்குது" என்றார்.

"நான் படிக்காம வேற யாரு படிப்பாங்க?"

"அந்தப் பொண்ணு ரேணுகாவோடதை நானும் படிச்சனுங்க. ஒண்ணாந்தேதியே."

நான் சொல்லாமலே ஒரு செய்தி இன்னொருவருக்குத் தெரிந்திருக்கிறது. என் வாழ்க்கையில் அப்படி நடந்தது குறைவு. "அப்புறம் எதுக்குங்க கையக் கொண்டு போனீங்க?"

"தங்கமுத்து அத்தன பேருக்கு முன்னால கேக்கறாரு. மாட்டேன்னு சொல்ல நான் என்ன காரணம் சொல்றது? நீங்க ஏ-1னு ஒண்ண எடுத்துக் குடுத்தீங்க. அதப் புடிச்சுட்டு இறங்கிட்டனுங்க."

"அந்த போர்டை எடுத்துடலாமில்லீங்க? குடும்பங்களுக்கு மட்டுங்கறதை."

"எடுக்கலாமுங்க. ஏன் எடுக்கறீங்கன்னு கேப்பாங்களே" என்றார். சொல்லிவிட்டுத் தன் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "என்னையுங் கேப்பாங்களே."

பெட்டிக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். எனக்குத் தெரிந்ததே ஒரு வாரத்துப் படிப்பு. அதை அவருக்குக் காட்டினேன். இந்த வரியில் ஒரு விரல், அந்தக் கடைசி வரியில் ஒரு விரல், நடுவில் இருப்பதெல்லாம் நீலமாகும், கட்டு என்பதைத் தொடுங்கள். பெரிய விரல்கள் அவருக்கு. இரண்டு மூன்று தடவை தவறி, பிறகு நீலமானது.

"பேரு கேக்குதுங்க. என்னன்னு வெக்கறது?"

"கொட்டாவி வர்ற மாதிரி ஏதாச்சும் வைங்க சார். காலை வேலைன்னு வைங்க."

"சரிங்க" என்றார். ஆனால் தட்டச்சு செய்யவில்லை. நான் இருக்கும்வரை செய்யமாட்டார் என்று புரிந்து எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் தங்கமுத்து திரைக்கு முன்னால் நின்றிருந்தார். இப்போதெல்லாம் நடைப்பயிற்சியை அங்கேதான் முடிக்கிறார். ஒவ்வொரு வீடாகத் தொட்டுக்கொண்டு வந்தவர் ஏ-1இல் நின்றார். நானும் பக்கத்தில் போய் நின்று படித்தேன். முன்பு இருந்த அத்தனை வரியும் மூட்டைக்குள் போய், ஒரே ஒரு வரிதான் இருந்தது.

நான் எழுந்து கூடத்துக்கு வந்தால், வசந்தாமணி இருக்கிறாள்.

"அட, ஊருல இருந்து வந்துட்டாங்களாட்ட இருக்குது!" என்றார் தங்கமுத்து. "சொல்லவே இல்ல பாருங்க அம்மிணி, இந்த மனுசன்."

அவர் விரல் அந்தப் பேருக்கு மேலே ஒரு கணம் நின்றது. பிறகு ஏ-2க்குப் போனது.

"ஆமாங்க" என்றேன். "வந்துட்டாங்க."